கம்மு, கேமு, கம்மு

ஆலங்கிணறு என்கிற ஊரில் எல்லாரும் எதற்காகவாவது காத்துக்கொண்டிருந்தார்கள். குழாயில் தண்ணீர் வரக் காத்திருந்தார்கள், போன கரண்ட் வரக் காத்திருந்தார்கள், வந்தால் நிற்காமலும் நின்றால் ஏற்றாமலும் போகிற டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள், மஸ்கட்டிலும் தோஹாவிலும் கிடக்கிற புருஷன்மாருக்குக் காத்திருந்தார்கள், பெண் பிடித்திருக்கிறது, ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று கேசரியைத் தின்றுவிட்டுப் போனவர்களின் பதிலுக்குக் காத்திருந்தார்கள். எட்டி எட்டிப் பார்த்து அந்த ஊர்க்காரர்களுக்குக் கழுத்தே கொஞ்சம் நீளம் என்று பக்கத்து ஊர்களில் கேலி பேசுவார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில்தான் ஒரு மத்தியான வேளையில், கீழத்தெருக் குழாயடியில் நின்றுகொண்டிருந்த மாரிக்கனி என்பவள், பொழுது போகாமல் இங்கிலீஷில் மூன்று வார்த்தை சொன்னாள். உடனே தண்ணீர் வந்தது.

அதில் யாரும் அதிசயப்படவில்லை. குழாய் என்று ஒன்று இருந்தால் என்றைக்காவது தண்ணீர் வரத்தானே செய்யும் என்று குடத்தைப் பிடித்தார்கள். அடுத்த முறையும் அவள் சொன்னாள், வந்தது. அதற்கடுத்த முறை அவளுக்குக் காய்ச்சல், குழாயடிக்கு வரவில்லை, தண்ணீரும் வரவில்லை. கீழத்தெருப் பெண்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"தமிழ்ல கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுக்குச் சலிச்சுப்போச்சு பாத்துக்கிடுங்க. இங்கிலீஷ்ல கூப்பிட்டா மரியாதையா வருது," என்றாள் இட்லிக் கடை செல்லக்கிளி. அன்றைக்கே எல்லாரும் தங்கள் குடங்களைக் குழாயடியிலிருந்து எடுத்துவந்து மாரிக்கனி வீட்டு வாசலில் வரிசை வைத்தார்கள். அந்த ஊரில் குடம்தான் ஆள். பெயரின் முதல் எழுத்தைப் பெயிண்டில் எழுதிய பிளாஸ்டிக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டால் ஆளே வந்து நின்றதாகக் கணக்கு; குடத்தை நகர்த்துவது ஆளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்குச் சமம். ஆக, காய்ச்சல் தெளிந்து கதவைத் திறந்த மாரிக்கனி, தன் வாசலில் தெருவே குந்தியிருப்பதைப் பார்த்துவிட்டு, கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "கம்மு, கேமு, கம்மு" என்றாள். தெருக்கோடியில் குழாய் இருமிக்கொண்டு திறந்தது.

ஊரில் ஒருத்திக்குத்தான் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவள் அதே வீட்டின் மூத்த மருமகள் சண்முகவடிவு, மாரிக்கனிக்கு ஓரகத்தி. தபாலில் படித்து எம்.ஏ. இங்கிலீஷ் வாங்கியவள். மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு, தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். பாங்கிலிருந்து காகிதம் வந்தாலும், மருந்து அட்டையில் என்ன போட்டிருக்கிறது என்று தெரியாவிட்டாலும், "வடிவு டீச்சர்ட்ட காட்டு" என்பதுதான் அதுவரை ஊர் வழக்கம். அவள் புருஷன் சங்கரபாண்டி மஸ்கட்டில் இருந்தான். ஒவ்வொரு பொங்கலுக்கும் அடுத்த பொங்கலுக்கு வாரேன் என்று போனில் சொல்லுவான். புருஷன் பக்கத்தில் இல்லாத வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே நாற்காலி அந்த இங்கிலீஷ்தான், அதில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இப்போது பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் கோட்டைவிட்ட மாரிக்கனி வந்து, ஒரே ஒரு வினைச்சொல்லை வைத்துக்கொண்டு, அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அதுவும் அந்த வினைச்சொல் யார் கொடுத்தது? வடிவு கொடுத்தது. அதை நினைத்தால்தான் அவளுக்கு வயிறு எரிந்தது.

நடந்தது இதுதான். மாரிக்கனி கல்யாணமாகி வந்த புதிதில், சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே மாடியில் பிள்ளைகள் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தாள். "யக்கா, எனக்கும் இங்கிலீஷ் சொல்லித் தாரீகளா? பெயிலாப் போனவன்னு எங்க வீட்டுல இன்னைக்கும் சொல்லிக் காட்டுதாக," என்றாள். வடிவுக்கு நேரமும் இல்லை, மனசும் இல்லை. ஆளை அனுப்பினால் போதுமென்று, "முதல்ல இதை மனப்பாடம் பண்ணு, கம், கேம், கம். ஒழுங்கா வந்த பிறகு அடுத்தது சொல்லுதேன்," என்றாள். வருவதற்கு இங்கிலீஷ்காரன் வைத்திருக்கும் மூன்று உருவங்கள் அவை, போய் வந்து மறுபடி முதலிடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும் மூன்று. மாரிக்கனி அதை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். அரிசி களையும்போது சொன்னாள், துணி பிழியும்போது சொன்னாள், மாமியாருக்கு முதுகில் தைலம் தேய்க்கும்போது சொன்னாள், புருஷன் நயினார் மிக்ஸி ரிப்பேர்க் கடையைப் பூட்டிவிட்டு வரும் நேரத்தில் வாசலில் நின்று சொன்னாள், அவனும் அந்த நேரத்துக்குச் சரியாக வந்து நின்றான். ஒவ்வொரு மாதமும் மாடிக்கு வந்து ஒப்பிப்பாள். "கம்மு இல்ல, கம். இன்னும் சரியா வரல," என்று வடிவு திருப்பி அனுப்பிவிடுவாள். அடுத்த வினைச்சொல்லை அவள் கடைசிவரை கொடுக்கவே இல்லை.

அந்த ஒற்றைச் சொல்லைத்தான் ஊர் பங்குபோட்டுக்கொண்டது. தண்ணீருக்குப் பிறகு கரண்டைக் கேட்டார்கள். மின்கம்பத்தில் ஏறி நின்ற லைன்மேன், தான் வயரை மாட்டுவதற்கு முன்பே கீழே வீடுகளில் டியூப்லைட் எரிவதைப் பார்த்துவிட்டு இறங்கிவந்து, "எம்மா, நான் இறங்கின பிறகு கூப்பிடுங்கம்மா, புள்ளைகுட்டிக்காரன்," என்று கும்பிட்டுவிட்டுப் போனான். அன்று முதல் கரண்டுக்கு மட்டும் லைன்மேனின் விசில் சத்தம் கேட்ட பிறகு சொல்வது என்று ஏற்பாடாயிற்று. டவுன் பஸ் நின்றது, ஏற்றியது, கண்டக்டர் சில்லறை கொடுத்தார். காணாமல்போன எருமை வந்தது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பூவும் பழமுமாக வந்தார்கள். தெருவுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தார்கள். குழாயடியில் தொடங்கிய விஷயம் என்பதால் யார் எதற்காக வந்தாலும் ஒரு காலிக் குடத்தைக் கொண்டுவந்து மாரிக்கனி முன்னால் வைக்க வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. மகனுக்காகக் காத்திருப்பவனும் குடம் வைத்தான், மணியார்டருக்காகக் காத்திருப்பவனும் குடம் வைத்தான். குடிநீர்ப் பிரச்சினையைத் தீர்த்துவைத்ததற்காகத் தனக்குத்தானே நன்றி சொல்லி வார்டு கவுன்சிலர் ஒரு பேனர் கட்டினார். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் மாரிக்கனிக்கு மாலை போட்டார்கள். மாலையைப் போட்டுக்கொண்டு அவள் வடிவைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு கள்ளமும் இல்லை. கொஞ்சம் இருந்திருந்தால்கூட வடிவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டிலும் காற்று மாறியது. மாமியார் உலகம்மாள் காலையில் காப்பி ஆற்றினால் முதல் டம்ளர் எப்போதும் மூத்தவளுக்குத்தான். ஒருநாள் அந்த டம்ளர் வடிவைத் தாண்டிப் போனது. "அவ தொண்டை காயாம இருக்கணும்லா," என்றாள் உலகம்மாள். வடிவு இரண்டாவது டம்ளரை வாங்கிக் குடித்தாள். நாக்கு சுட்டது.

மாடியில் நிலைமை இன்னும் மோசம். பிள்ளைகள் எல்லாம் "கம்மு, கேமு, கம்மு" என்று மாரிக்கனி மாதிரியே இழுத்துப் பாடத் தொடங்கிவிட்டன. வடிவு பிரம்பால் மேசையைத் தட்டி, கடைசி எழுத்தை விழுங்கச் சொல்லித் திருத்தினாள். சாயங்காலமே ஒரு பிள்ளையின் அம்மா படியேறி வந்துவிட்டாள்.

"டீச்சர், நீங்க தப்பா நினைக்கப்பிடாது. நீங்க சொல்லுத மாதிரி சொன்னா தண்ணி வருதா?"

வடிவு பிரம்பை மேசைமேல் வைத்தாள்.

"வரலைல்லா? பெறவு என்னத்துக்குப் புள்ளையை மிரட்டுதிய? மாரிக்கனி சொல்லுத மாதிரியே சொல்லிக்குடுங்க."

பொறாமை என்றால் இன்ன மாதிரி என்று அதுவரை வடிவுக்குத் தெரியாது. தனக்குப் பொறாமை கிடையாது என்றே நம்பிக்கொண்டிருந்தாள். இப்போது அது காலையில் அவளுக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தது. மாரிக்கனி தலை சீவினால் பொறாமை, மாரிக்கனி தும்மினால் பொறாமை, மாரிக்கனி வைத்த ரசம் நன்றாக இருந்தால் பொறாமை, நன்றாக இல்லாமல் எல்லாரும் சிரித்துக்கொண்டே குடித்தால் அதைவிடப் பொறாமை. சாயங்காலம் நயினார் சுடச்சுட வாழைக்காய் பஜ்ஜிப் பொட்டலத்தோடு தெருமுனையில் திரும்புவதை மாடியிலிருந்து பார்ப்பாள். என் சொல்லைச் சொல்லித்தானே இவளுக்குப் புருஷன் நேரத்துக்கு வருகிறான் என்று பல்லைக் கடிப்பாள்.

அவளும் சொல்லிப்பார்க்காமல் இல்லை. குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, சுத்தமான உச்சரிப்பில் கம், கேம், கம் என்றாள். ஒன்றும் வரவில்லை. ஒருவேளை முழுதாகச் சொல்ல வேண்டுமோ என்று, வருகிறேன், வந்தேன், வந்துகொண்டிருக்கிறேன், வந்திருக்கிறேன், வந்திருந்தேன், வந்திருப்பேன் என்று அந்த வினைச்சொல்லை எத்தனை விதமாக இங்கிலீஷ்காரன் புரட்டுவானோ அத்தனை விதமாகவும் புரட்டி, நான், நீ, அவன், அவர்கள் என்று எல்லார் தலையிலும் ஏற்றி இறக்கி, எந்த இடத்தில் எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று பாடப்புத்தகத்தில் இருந்த எடுத்துக்காட்டு வாக்கியங்களையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். வாளியில் ஒரு பல்லி வந்து விழுந்தது. அதுவும் தற்செயலாக விழுந்ததுதான். வெளியே வந்தபோது மாரிக்கனி முற்றத்தில் உட்கார்ந்து பழைய பக்கெட்டில் முருங்கைக்கீரை உருவியபடி, ஏதோ நினைப்பில் அந்த மூன்றையும் முணுமுணுத்தாள். பால்காரன், காஸ் சிலிண்டர்க்காரன், வெகுநாளாக வராத சலவைத் துணி, மூன்றும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தன.

ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒரு குணம் உண்டு என்பதை ஊர் மெல்ல மெல்லத்தான் தெரிந்துகொண்டது. எண்ணெய் மில் பொன்னுச்சாமி ஒருநாள் குடம் வைத்து, தூத்துக்குடியிலிருந்து லாரி வர வேண்டும் என்று கேட்டார். மாரிக்கனி சொன்னாள். லாரி வரவில்லை, கலப்படம் பார்க்கும் அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். தவிட்டு எண்ணெயைக் கலந்துவிட்டு, எப்போது வருவார்களோ எப்போது வருவார்களோ என்று ராப்பகலாக அவர் மனசுக்குள் காத்திருந்தது அவர்களுக்குத்தான். அதற்குப் பிறகு செல்லக்கிளி குடம் வைத்தாள். படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாருக்கு வருஷக்கணக்கில் மலஜலம் அள்ளிக்கொண்டிருந்தவள் அவள்; மகளிடமிருந்து போன் வரட்டும் என்றாள். மாரிக்கனி சொன்னாள். அன்று சாயங்காலமே மாமியாருக்கு முடிவு வந்தது. தெருவே துட்டி விசாரிக்க வந்தது. கட்டிக்கொண்டு அழுத பெண்கள் செல்லக்கிளியின் கையை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆக, வாய் கேட்பது வராது, உள்ளே உட்கார்ந்து காத்துக்கொண்டிருப்பதுதான் வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. அதற்காக யாரும் பயந்துவிடவில்லை, கொஞ்சம் ஜாக்கிரதையானார்கள், அவ்வளவுதான். வரிசையில் நிற்கும்போதே தன் நெஞ்சைத் தானே தட்டிப் பார்த்துக்கொண்டார்கள். சிலர் பாதி வரிசையில் என்னவோ யோசித்துவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். அவர்களை யாரும் ஏன் என்று கேட்பதில்லை என்பதும் வழக்கமாயிற்று.

பிறகு வளைகுடாவில் இருந்த ஆண்கள் வரத் தொடங்கினார்கள். கிரேன் மேலே உட்கார்ந்திருந்தவனுக்கும், ஓட்டல் அடுப்பில் ரொட்டி புரட்டிக்கொண்டிருந்தவனுக்கும், திடீரென்று காதில் கம்மு என்று கேட்டதாம். கேட்டதும் கால் தானாக ஏர்போர்ட்டுக்கு நடந்ததாம். பெரிய பெரிய பெட்டிகளோடும் செண்டு வாசனையோடும் தெருவுக்கு ஒருவராக வந்து இறங்கினார்கள். கொஞ்ச நாளில், புருஷன் வீட்டிலேயே இருந்தால் எவ்வளவு சட்னி செலவாகும் என்று தெரிந்துகொண்ட சில பெண்கள், போவதற்கும் ஒரு வார்த்தை கற்றுக்கொள்ளேன் என்று மாரிக்கனியை நச்சரித்தார்கள். மாரிக்கனி மாடிக்குப் போய்க் கேட்டாள். "முதல்ல படிச்சதே இன்னும் சரியா வரல," என்றாள் வடிவு. மாரிக்கனி தலையை ஆட்டிவிட்டு இறங்கினாள். அவள் உண்மையாகவே நம்பினாள்.

இப்போது ஊர் முழுக்க ஒரே கேள்விதான். வீட்டுக்குள்ளேயே ஆளை வைத்துக்கொண்டு வடிவு ஏன் குடம் வைக்கவில்லை? குழாயடியில் கேட்டார்கள், கோயிலில் கேட்டார்கள், உலகம்மாளே ஒருநாள் கேட்டாள், "எம்புள்ளை வரவேண்டாமாட்டி?" என்று. "அவுக காண்ட்ராக்ட் முடியட்டும் அத்தை," என்று வடிவு ஒரே பதிலைச் சொன்னாள்.

உள்ளே இருந்த பதில் வேறு. அவர் வந்தால் நான் கூப்பிட்டு வர வேண்டும். எத்தனை பொங்கலுக்கு நான் போனில் அழுதிருக்கிறேன், வராத மனுஷன் இவள் வாயைத் திறந்ததும் வந்து நின்றால், அந்த மூஞ்சியை நான் எப்படிப் பார்ப்பேன்? சாகும்வரை இவள் வரவழைத்த புருஷனுக்கல்லவா சோறு போட வேண்டும்? அப்படி வருகிறவர் மஸ்கட்டிலேயே இருக்கட்டும் என்று நினைத்தாள். நினைத்தவுடன் திக்கென்றிருந்தது, ஆனாலும் அந்த நினைப்பை அவள் விடவில்லை.

ஒருநாள் சாயங்காலம் டியூஷன் பிள்ளைகள் போன பிறகு மாரிக்கனி மாடிக்கு வந்தாள். கையில் ஒரு குடம் இருந்தது. பச்சைக் குடம், 'ச.வ.' என்று பெயிண்டில் எழுதியது. வடிவின் குடம்.

"அதை எதுக்குட்டி தூக்கிட்டு வந்த?"

மாரிக்கனி குடத்தைக் கீழே வைத்தாள், முந்தானை நுனியைத் திருகினாள். "யக்கா, நீங்க ஏசக்கூடாது. பெரியத்தானை நான் கூப்பிட்டேன். உங்களுக்குத் தெரியாம வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை விளக்கு வச்சிட்டுக் கூப்பிடுதேன்."

வடிவு எழுந்துவிட்டாள். "யாரைக் கேட்டுக் கூப்பிட்ட?"

"யாரையும் கேக்கல. நீங்க மாடியில நின்னு தெருவையே பாத்துக்கிட்டு நிப்பீகள்லா, அதைப் பாக்க எனக்குப் பொறுக்கல." மாரிக்கனி முந்தானையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "ஆனா வரலக்கா. ஊர்ல யாரைக் கூப்பிட்டாலும் வாராக, பெரியத்தான் மட்டும் வரல. என் உச்சரிப்புதான் சரியில்லயோ என்னவோ. நீங்க எனக்கு எதிர்க்க நின்னா சரியாயிரும். கொஞ்சம் வந்து நில்லுங்கக்கா. நீங்க எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கீகளோ, அது வரட்டும்."

மாடியில் நின்று தெருவைப் பார்த்தது உண்மைதான். ஆனால் அவள் பார்த்தது மஸ்கட்டிலிருந்து வருகிற ஆளை அல்ல. வாசலில் குறைகிறதா என்று குடவரிசையைப் பார்த்தாள். அவளுக்கு அந்த நிமிஷமே எல்லாம் விளங்கிவிட்டது. சங்கரபாண்டி ஏன் வரவில்லை என்றால், அவனுக்காகக் காத்திருக்க வேண்டியவளே காத்திருக்கவில்லை. எந்த நாளில் அவள் காத்திருப்பதை நிறுத்தினாள் என்று அவளுக்கே நினைவில்லை. அவள் காத்துக்கொண்டிருந்தது வேறொன்றுக்கு, காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிறவரை, பசியோடு, ஆசையோடு, வேறொன்றுக்கு.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கலாம், எத்தனையோ பேர் அப்படித் திரும்பிப் போயிருக்கிறார்கள், ஊரில் யாரும் ஏன் என்று கேட்டிருக்கமாட்டார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவசர அவசரமாகச் சங்கரபாண்டியின் முகத்தை நினைத்தாள். கட்டம்போட்ட கைலியை நினைத்தாள், சாப்பிட்டுவிட்டுப் பல் குத்துகிற சத்தத்தை நினைத்தாள், மீசை எந்தப் பக்கம் நரைத்திருந்தது என்று நினைக்கப் பார்த்தாள். அவை எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஒரே காட்சி முன்னால் வந்து நின்றது: குழாயடியில் மாரிக்கனி வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள், ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை, எல்லாரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

மாரிக்கனி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, "கம்மு" என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு, "கேமு, கம்மு" என்று முடித்தாள்.

மாடித் தொட்டியில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றது. தெருவில் எரிந்த லைட்டெல்லாம் அணைந்தது. தூரத்தில் டவுன் பஸ் ஆலங்கிணற்று நிறுத்தத்தில் நிற்காமல் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

மறுநாள் மாரிக்கனி சொன்னாள், ஒன்றும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. தொண்டைக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார்கள், எலந்தைப்பழம் தின்றாயா என்று விசாரித்தார்கள், அம்மன் கோயில் விபூதியை நாக்கில் தடவினார்கள். அப்புறம் ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. ஒருத்தரையொருத்தர் கேட்காமலே தங்கள் தங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பழையபடி குழாயடியில் வைத்தார்கள். கவுன்சிலரின் பேனரை அவிழ்த்து யாரோ ஆட்டுக்கொட்டகைக்குக் கூரை போட்டுக்கொண்டார்கள். "இம்புட்டு நாளு வந்ததே பெரிசு," என்றாள் செல்லக்கிளி. வடிவு மாடியில் நின்று பார்த்தாள். காலியான வாசலைப் பார்க்க இனிக்கும் என்று நினைத்திருந்தாள். இனிக்கவில்லை.

"யாரோ கண்ணு வச்சிட்டாக," என்று உலகம்மாள் தீர்மானமாகச் சொன்னாள். "வெள்ளிக்கிழமை சுத்திப் போடணும். வீட்டுக்கு மூத்தவ கையால சுத்துனாத்தான் பலிக்கும். ஏட்டி வடிவு, முச்சந்தி மண்ணு ஒரு பிடி எடுத்துட்டு வா."

வெள்ளிக்கிழமை அந்தி நேரத்தில் மாரிக்கனியைக் கிழக்குப் பார்த்து உட்காரவைத்தார்கள். தெருப் பெண்கள் வாசற்படியில் கூடி நின்றார்கள். வடிவு காய்ந்த மிளகாயையும் கல்லுப்பையும் மண்ணையும் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு மாரிக்கனியின் தலையைச் சுற்றத் தொடங்கினாள்.

"ஒண்ணையும் விட்டுறாத, எல்லாக் கண்ணையும் சொல்லு," என்றாள் உலகம்மாள்.

"தெருக் கண்ணு," என்றாள் வடிவு. "குழாயடிக் கண்ணு. கோயில்ல பாத்த கண்ணு. பஸ்ஸுல போனவ கண்ணு. சிரிச்ச கண்ணு, சிரிக்காத கண்ணு." உப்பு இரண்டு கல் மாரிக்கனியின் வகிட்டில் விழுந்தது. "மாடியில நின்னு பாத்த கண்ணு," என்றாள். இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ஓரகத்தி கண்ணு," என்றாள்.

"அதையும் சொல்ல வேண்டியதுதான்," என்று உலகம்மாள் சாதாரணமாகச் சொன்னாள். வடிவு கையிலிருந்ததை அடுப்பில் போட்டாள். மிளகாய் படபடவென்று வெடித்துக் கருகியது. பொதுவாக அத்தனை மிளகாய் கருகினால் வீடே இருமும். அன்றைக்கு ஒருத்தரும் இருமவில்லை, உலகம்மாள் மூக்கை விரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, "நெடியே இல்ல பாத்தீகளா, பொல்லாத கண்ணுதான்," என்றாள். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். வடிவு ஒருத்திக்கு மட்டும் நெடி ஏறியது. குனிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்ட, நெஞ்சு பிளந்துவிடும்போல் இருமினாள்.

பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. உலகம்மாள் காப்பி போட உள்ளே போனாள். மாரிக்கனி எழுந்துவந்து, தன் முந்தானையால் வடிவின் முகத்தைத் துடைத்தாள்.

"எனக்குத் தெரியும்க்கா," என்றாள் மெதுவாக. "நீங்க கண்ணை மூடிட்டு நின்னீகள்லா, முதல் சொல்லு சொல்லும்போதே தெரிஞ்சிட்டு."

வடிவு இருமலை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். "பெறவு ஏன்ட்டி முழுசாச் சொன்ன?"

மாரிக்கனி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "ஊர்ல எல்லாருக்கும் வந்துச்சு. உங்களுக்கு மட்டும் ஒண்ணுமே வரலையேக்கா."

உலகம்மாள் காப்பி கொண்டுவந்தாள். வடிவு முதல் டம்ளரை வாங்கி மாரிக்கனி கையில் கொடுத்தாள். பிறகு பச்சைக் குடத்தைத் தூக்கிக்கொண்டுபோய், குழாயடியில் மாரிக்கனியின் குடத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு நின்றாள். தண்ணீர் வரவில்லை. பக்கத்தில் நின்றவர்களோடு சேர்ந்து அவளும் கழுத்தை எட்டி, பஸ் வருகிற திசையைப் பார்த்தாள், சங்கரபாண்டி வருகிறானா என்று.